போகித் தீயில் போகலாமா குரல்?

சென்ற போகியன்று நடந்தது. பொழுது புலரவில்லை, பனி விலகவில்லை. பள்ளிப்பட்டில் நமது தெருமுனையில் தீ மூண்டு எரிகிறது. பிள்ளைகள் போகி மேளம் கொட்டுகிறார்கள். கிழிந்த பாய் வருகிறது, தீயில் விழுகிறது. உடைந்த முறம் வருகிறது, விழுகிறது. தேய்ந்த துடைப்பமும் ஓட்டைக் கூடையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விடைபெறுகின்றன. நாமும் கைகட்டி நின்று குளிர் காய்கிறோம். பழங்குப்பை எரிவது கண்டு நமக்குக் கசக்குமா!

அப்போது ஒரு சிறுவன் வந்தான். தோளிலே ஒரு கோணிப்பை. வாயைப் பிரித்தான், தீயின் மேல் கவிழ்க்கப் போனான். உள்ளே இருந்தவை அத்தனையும் ஒலிநாடாக்கள்! கேசட்டுகள்! நூற்றுக்குக் குறையாது. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்த பெரியவர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியவை அவை.

நாம் ஓடினோம். "டேய், நில்றா!" என்று கூவிக்கொண்டே ஓடினோம். பையைப் பிடுங்கினோம். அதற்குள் பத்துப் பதினைந்து விழுந்துவிட்டன. கரும்புகை கக்கின, சுருண்டன, உருகின. உள்ளே என்ன இருந்தது? யார் குரல் இருந்தது? இனி எவரும் சொல்ல முடியாது.

கூடி நின்றோர் சிரித்தனர். மன்றத்துத் தோழர் ஒருவர், வாய்த்துடுக்கு மிக்கவர், கேட்டார்: "என்ன அண்ணே, மேடையிலே பழசைக் கொளுத்துன்னு முழங்குறீங்க. கீழே எறங்கி வந்து பழசைத் தீயிலேர்ந்து புடுங்குறீங்களே!"

சிரிப்பொலி அடங்க நெடுநேரமாயிற்று. நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு போய்விட்டது, கேள்வி போகவில்லை. ஓராண்டாக உள்ளே குடைந்துகொண்டிருக்கிறது. அன்று நாம் விடை கூறவில்லை. இதோ, மறு போகி வரப்போகிறது. தோழருக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். அவருக்குக் கூறுவதை நாட்டோருக்கும் கூறுவோமே என்றுதான் இந்தக் கட்டுரை.

இது மோகமா?

பழைய இசைக் கருவிகளின் மீது இன்று உலகெங்கும் ஒரு மோகம் எழுந்திருக்கிறது. ஒழிந்தது, ஓய்ந்தது என்று ஊர் கைகழுவிய இசைத்தட்டு உயிர்பெற்று எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் சுமார் 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்றன; குறுந்தகடு விற்றது 3 கோடியே 30 இலட்சம்தான். 1987-க்குப் பிறகு, எண்ணிக்கையில் குறுந்தகட்டை இசைத்தட்டு முந்தியது அந்த ஆண்டில்தான். நேற்றுப் பிறந்த பிள்ளைகள், பாட்டன் காலத்துத் தட்டைப் பல நூறு, சில ஆயிரம் கொடுத்து வாங்கி, ஊசியை மெல்ல இறக்கி, அந்தக் கரகரப்பிலே ஓர் இன்பம் காண்கிறார்கள்.

காணட்டும்! அவர்கள் பணம், அவர்கள் காது. ஆனால் நமக்கு அந்த மோகம் கிடையாது. கரகரப்புதான் கலை, கீறல்தான் சுவை என்று பேசுவது, பல் விழுந்த வாய்தான் அழகு என்று பாடுவதைப் போன்றது. நம்மால் ஆகாது. தெளிவாகக் கேட்க வழியிருக்கும்போது தெளிவாகத்தான் கேட்க வேண்டும். சட்டைப்பையிலே ஆயிரம் பாட்டைச் சுமந்து செல்ல வழியிருக்கும்போது, பெட்டியைத் தலையிலே சுமப்பானேன்!

அப்படியானால் ஏன் ஓடினோம்? ஏன் பிடுங்கினோம்? அதைச் சொல்லுமுன், அந்தத் தட்டும் நாடாவும் இந்த நாட்டு எளியவனுக்கு என்ன செய்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அரக்குப் பாடியது

நமது ஊர்ப்புறத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். அரக்கு மாளிகை எரிந்த கதையை அங்கே விடிய விடியப் பாடுவார்கள். மாளிகை எரிந்தது கதை. ஆனால் அரக்கு வாய்திறந்து பாடியதே, அது வரலாறு!

எடிசன் 1877-ல் ஒலியைப் பிடித்து வைத்தார். எமில் பெர்லினர் 1887-ல் அதைத் தட்டையான தட்டிலே வரைய வழி கண்டார். அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கினால்! சின்னஞ்சிறு அரக்குப் பூச்சி, புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டிக்கொண்டு சுரக்கும் பிசின். அதைச் சுரண்டி எடுத்தவர்கள் சோட்டா நாகபுரிக் காட்டிலே வாழும் ஏழை மக்கள். அதனோடு கல்மாவும் கரிப்பொடியும் கலந்து, சூடேற்றி, அச்சிலே அழுத்தினால் இசைத்தட்டு. உலகம் முழுவதும் பாடிய தட்டுகளுக்கு நம் நாட்டுக் காட்டு அரக்குத்தான் பெரும்பகுதி. இரண்டாம் உலகப் போரின்போது அந்த அரக்கு வெடிகுண்டுப் பூச்சுக்கும் வேண்டியிருந்தது. 1942-ல் அமெரிக்க அரசு கட்டுப்பாடு விதித்தது. பழைய தட்டுகளைத் திரட்டி, உருக்கி, மறுபடி அச்சிட்டார்கள். பாட்டுக்குப் போவதா, குண்டுக்குப் போவதா என்று பூச்சியின் எச்சிலுக்கு அவ்வளவு போட்டி!

இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலே, இரும்பாலை வாயிலிலே, இரவு வேலை முடித்து வரும் இளைஞர்களைப் பாருங்கள். அதே சோட்டா நாகபுரிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அவர்களிலே உண்டு. காதிலே செருகிய கம்பி வழியே தம் ஊர்ப் பாட்டைக் கேட்டபடி நடக்கிறார்கள். அன்று அவர்கள் காடு அரக்கைத் தந்தது, நாம் பாட்டுக் கேட்டோம். இன்று அவர்களே வந்து உழைப்பைத் தருகிறார்கள். ஒலியின் வரலாற்றிலே உழைப்பவன் பெயர் தட்டில் அச்சாவதே இல்லை.

1902-ல் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கருவியோடு கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்வார். ஏன்? தட்டு அச்சாவது கடல் கடந்து ஜெர்மனியில், ஹானோவர் நகரில். பாடியவர் இன்னார் என்று அங்கே தெரிய வேண்டுமே! 1908-ல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே அச்சாலை எழுந்தது. பின்னர் தம்தம் என்ற இடத்தில் பெரிய ஆலை வந்தது.

நம் தெற்கிலே முதன்முதலாகக் கருவியின் முன் நின்று பாடத் துணிந்தவர்கள் யார்? கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். தாசி குலம் என்று சமுதாயம் ஒதுக்கி வைத்த மரபிலே வந்த பெண்கள்! குடும்பப் பெண் பாடலாமா, பதிவு செய்யலாமா என்று உயர்ந்தோர் எனப்பட்டோர் தயங்கிக் கிடந்தபோது, இவர்கள் பாடினார்கள். மூன்றேகால் நிமிடம், தட்டு சுற்றுவது சுமார் 250 சுற்று, அதற்குள் ஓர் இராகத்தின் உயிரைப் பிழிந்து வைத்தார்கள். 1926-ல் பத்து வயதுச் சிறுமியாக மதுரை சண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமி தட்டில் பாடியதும் அந்தப் பாதையில் நடந்துதான்.

வேலி தாண்டிய இசை

இனி, கேட்டவர் யார் என்று பார்ப்போம்.

நாகசுரம் எங்கே ஒலித்தது? கோயிலுக்குள்ளே, சுவாமி புறப்பாட்டிலே, பெருந்தனக்காரர் திருமணத்திலே. கோயிலுக்குள் எல்லோரும் நுழையலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947-ல். அதற்கு முன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்குத் தோடி இராகம் எப்படித் தெரியும்? மதிலைத் தாண்டி வந்த மிச்சம் மீதிதான் தெரியும்.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டாக வந்தது. நாகசுரக் கலைஞன் நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தைத் தூக்கி எறிந்து, மேடையிலே அமர்ந்து வாசித்த மாவீரன் அவர். அவருடைய தோடி, தேநீர்க் கடை வாயிலிலே ஒலித்தது. சேரி முனையிலே ஒலித்தது. எவனும் அதை மறிக்கவில்லை. மறிக்க முடியவில்லை! தட்டுக்குத் தீட்டுத் தெரியாது. ஊசிக்குச் சாதி தெரியாது. கோயிற் கதவைச் சட்டம் திறப்பதற்கு முன்பே, கோயில் இசையின் கதவைக் கூம்புக் குழாய் திறந்துவிட்டது.

எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1906-ல் பிறந்தார், 1933-ல் மறைந்தார். இருபத்தேழு வயது! பேசும்படம் இங்கே தவழத் தொடங்கிய நேரம். அவர் அதிலே தோன்றவில்லை. நாடக மேடையின் திரை விழுந்ததும் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே! அந்த உச்சக் குரல் இன்றும் நம் காதில் விழுகிறதென்றால் காரணம் அரக்குத் தட்டுதான்.

தியாகராஜ பாகவதர் கதை வேறு. 1944-ன் இறுதியில் கொலை வழக்கிலே சிறை புகுந்தார். 1947-ல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்த இடைக்காலத்தில் பாடகர் சிறையிலே, பாட்டோ தெருவிலே! ஆளைப் பூட்ட முடிந்தது. குரலைப் பூட்ட முடியவில்லை.

1952-ல் கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் மறைந்தன. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்! கொழும்பிலே தட்டுகள் சுழன்றன. தமிழகத்தில் காதுகள் குளிர்ந்தன. 1957-ல் விவித பாரதி பிறந்தது. மேலிருந்து மூடிய கதவைக் கீழிருந்து திறந்தது பாமரனின் காது.

அதே 1952-ல் 'பராசக்தி' வெளிவந்தது. கலைஞர் எழுத, சிவாஜி கணேசன் முழங்கிய உரையாடல் இசைத்தட்டாகவும் வந்தது. பாட்டைத் தட்டிலே கேட்ட நாடு, பேச்சையும் தட்டிலே கேட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அந்த வழக்குமன்றக் காட்சியை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். அவர்களுக்கு அந்தத் தட்டுதான் ஏடு. அந்த ஊசிதான் ஆசிரியர்!

மேலை நாடுகள் 78 சுற்றுத் தட்டை 1950-களின் இறுதியிலேயே கைவிட்டன. நம் நாட்டிலோ 1960-களிலும் தம்தம் ஆலை அவற்றை அச்சிட்டுக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுக்கூட இங்கே 78 சுற்றுத் தட்டிலே வந்தது! பின்தங்கிய நாடு என்று நகைப்பார்கள். நகைக்குமுன் காரணத்தைக் கேட்க வேண்டும். ஊர்தோறும் மின்சாரம் இல்லை. சாவி கொடுத்தால் ஓடும் பெட்டிக்கு மின்சாரம் எதற்கு? ஏழையின் ஊருக்கு ஏற்ற கருவி அது. அதனால்தான் நெடுநாள் வாழ்ந்தது.

எல்லையில் ஒரு குழாய்

நமது பள்ளிப்பட்டு எல்லையூர். திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டு துணை வட்டமும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காக நடந்த போராட்டத்தை நாடறியும். வரைபடத்தில் கோடு மாறியது. பனைமரத்தில் கட்டிய குழாய்க்கு அந்தக் கோடு தெரியுமா? சாத்திரை நாட்களில் சௌந்தரராஜன் குரலும் கண்டசாலா குரலும் மாறி மாறி ஒலிக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நமது தெருவில் தமிழ் பேசும் வீட்டின் அடுத்த வீடு தெலுங்கு பேசும். ஒரே குழாய் இரண்டு வீட்டுக்கும் பாடியது. எல்லை காத்தவர்களும் வாழ்க! எல்லை பாராத இசையும் வாழ்க!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த ஒலிபெருக்கிப் பெரியவர் கடவுள் மறுப்பாளர். ஆனால் எந்த நிகழ்ச்சியானாலும் முதல் தட்டு பிள்ளையார் பாட்டுத்தான்! "என்ன பெரியப்பா இது?" என்று கேட்டால், "அது பக்தியில்லடா, மைக் டெஸ்டிங்" என்பார். இரவுக் கூட்டத்திற்கு நாகூர் அனிபாவின் குரலை வைப்பார். கால்மணி நேரத்தில் திடல் நிரம்பிவிடும். அதே அனிபாவின் குரல் தர்காவிலும் ஒலிக்கும். 1925-ல் பிறந்து 2015-ல் மறைந்த அந்தக் குரல் தட்டிலும் இருந்தது, நாடாவிலும் இருந்தது, இன்று கைப்பேசியிலும் இருக்கிறது.

பொற்காலம் என்று பாடவில்லை

இவ்வளவும் சொன்னதால், அது பொற்காலம் என்று நாம் பாடுவதாக எண்ணிவிடாதீர்கள். கிராமபோன் பெட்டி யார் வீட்டில் இருந்தது? மிராசுதார் வீட்டில் இருந்தது. ஏழை எங்கே நின்று கேட்டான்? திண்ணைக்குக் கீழே நின்று கேட்டான். எந்தப் பாட்டை வைப்பது என்று முடிவு செய்தவன் தட்டுக்கு உடையவன். வீட்டுப் பெண் கேட்க விரும்பிய பாட்டை எவன் கேட்டுப் போட்டான்? தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் காதிலே விடிய விடியக் குழாய் அலறியதையும் மறக்க வேண்டாம்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தது. நம் சிற்றூர்களுக்கு அது வந்துசேர 1980-கள் ஆயிற்று. அது செய்தது ஒரு புரட்சி. தட்டிலே கேட்கத்தான் முடியும். நாடாவிலே பதியவும் முடியும்! பெரிய கம்பெனி, பெரிய கூடம், பெரிய பாடகர், எதுவும் வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு நாடா, ஒரு பொத்தான். கூத்து வாத்தியார் குரல் பதிந்தது. ஊர்க் கூட்டத்துப் பேச்சு பதிந்தது. வளைகுடா நாட்டிலே உழைத்த கணவனுக்கு, எழுதத் தெரியாத மனைவி, பேசி அனுப்பினாள். கடிதம் எழுதித் தரச் சொல்லி இன்னொருவர் வாசலிலே நிற்க வேண்டிய இழிவு அவளுக்கு ஒழிந்தது! இதை எந்த இசைவாணர் வரலாற்றிலும் எழுத மாட்டார்கள். நாம் எழுதுகிறோம்.

பன்னிரண்டு பாட்டின் பட்டியலைத் தாளில் எழுதி, ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு, நாலு நாள் காத்திருந்த இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். காத்திருந்ததுதான் இன்பம் என்பார்கள் சிலர். வேறு வழியில்லாமல் காத்திருந்தோம் என்பதே உண்மை. இன்று நெசவுக் கூடத்திலே தறி ஓட்டும் பெண், தான் விரும்பிய பாட்டை, தான் விரும்பிய நேரத்தில், எவரையும் கேளாமல் கேட்கிறாள். அந்த விடுதலையை விற்றுப் பழைய கரகரப்பை வாங்க நாம் ஆயத்தமாயில்லை.

நாம் செய்த குற்றம்

இப்போது, நாம் ஏன் ஓடினோம் என்பதைச் சொல்கிறோம். மேடையிலே சொல்லாதது இது.

நமக்குப் பத்து வயது. வீட்டிலே ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது. நமது ஆயா, அப்பாவைப் பெற்றவர், கொசத்தலை ஆற்றங்கரைக் கழனிகளில் நடவுக்குப் போனவர். அவர் முன்பாட்டுப் பாடினால் மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்களாம். தமிழிலே தொடங்கும், தெலுங்கிலே நுழையும், தமிழுக்குத் திரும்பும். அப்பா ஒருநாள் அவரை உட்கார வைத்து, அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் முழுவதும் பாட வைத்துப் பதிந்து வைத்தார். அழிந்துவிடக் கூடாதென்று, நாடாவின் முதுகிலே இருக்கும் சிறு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிட்டார். பல் உடைந்த நாடாவின் மேல் எவரும் பதிய முடியாது.

நமக்கோ அப்போது ரேடியோவில் வரும் புதுப் பாட்டு வேண்டும். காலி நாடா வாங்கக் காசில்லை. பல் உடைந்த ஓட்டையிலே காகிதத்தை மடித்துச் செருகினால் பெட்டி ஏமாந்துவிடும் என்று பள்ளிக்கூடத்துத் தோழன் கற்றுக் கொடுத்திருந்தான். செருகினோம். பொத்தானை அழுத்தினோம். ஆறு பாட்டுப் பதிந்தோம். ஆயாவின் நடவு அழிந்தது.

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்போம். ஆயா சிரித்தார். "போவுது போ, நான் என்னா சினிமாக்காரியா? கேட்டா மறுபடியும் பாடுறேன்" என்றார். நாம் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தோம். ஆயா போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

சென்ற போகியன்று கோணிப்பையோடு ஓடியபோது, நம் கண்ணில் தெரிந்தது அந்தச் சிறுவன் அல்ல, தோழர்களே. காகிதத்தை மடித்துச் செருகிய இன்னொரு சிறுவன்.

போகி முடிந்து நாம் வீட்டுப் பரணில் ஏறினோம். அந்த நாடா கிடைத்தது. ஒலிபெருக்கிப் பெரியவர் பழைய பெட்டி ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார்; ரப்பர் வார் மாற்றிக் கொடுத்தார். ஆறு சினிமாப் பாட்டும் ஓடி முடிந்தன. பெட்டியை நிறுத்தக் கை நீண்டது. ஒரு சொடக்கு ஒலி. பிறகு ஆயா பாடினார்! ஏழாவது பாட்டுப் பிடிக்க இடம் போதாதென்று நாம் விட்டுவைத்த கடைசி நாலு நிமிடம்! நடுவிலே ஓர் இருமல், பாட்டு நின்றது. "ஏன்டா, அதுக்குக் கேக்குதா?" என்று அப்பாவிடம் கேட்கிறார். மறுபடி பாட்டு. நாடா தீர்ந்தது.

நாலு நிமிடம். முப்பதிலே மிச்சம் நாலு!

எது பழமை, எது குப்பை?

தோழருக்கு இப்போது விடை கூறுகிறோம். பழமையைக் கொளுத்து என்று நாம் முழங்குவது எதை? மனிதனை மனிதன் தாழ்த்தும் பழக்கத்தை. பெண்ணை ஊமையாக்கும் வழக்கத்தை. அந்தப் பழக்கவழக்கங்களுக்குப் பரண் தேவையில்லை. அவை மண்டைக்குள்ளே குடியிருக்கின்றன. அவற்றைக் கொளுத்த ஆளில்லை! ஆனால் ஊமையாக்கப்பட்டவள் ஒருநாள் வாய்திறந்து பாடிய நாடா இருக்கிறதே, அதைக் கொளுத்த ஆள் வருகிறது. இதுவா சீர்திருத்தம்? கிழவியின் குரல் பழமையல்ல. அந்தக் குரலைக் கேட்க மறுத்ததுதான் பழமை.

திரைப்பாட்டு அழியாது, கவலை வேண்டாம். அதற்குக் கம்பெனி இருக்கிறது, காசு இருக்கிறது, கோடிக் கைப்பேசிகள் இருக்கின்றன. அழியப் போவது ஒரே ஒரு படி மட்டுமே உள்ள குரல்கள். நடவுப் பாட்டு, ஒப்பாரி, கூத்து, தெருமுனைப் பேச்சு, பாட்டி சொன்ன கதை. அவற்றுக்கு மூலமும் அதுதான், நகலும் அதுதான்.

காலமும் இல்லை. யுனெஸ்கோவின் துணையோடு 2019-ல் 'காந்தநாடா எச்சரிக்கை' என்ற பெயரில் ஒரு முயற்சி தொடங்கினார்கள். நாடா கெடுவது ஒருபுறம். நாடாவை ஓட்டும் நல்ல கருவிகளும் உதிரிகளும் அருகி, ஏறத்தாழ 2025-க்குப் பின் பல இடங்களில் முறையாக ஓட்டவே முடியாமற் போகும் என்பதே எச்சரிக்கை. அந்த ஆண்டு வந்தேவிட்டது! அமெரிக்கர்கள் 2000-ம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, காங்கிரசு நூலகத்தின் வழியே தம் நாட்டு ஒலிப்பதிவுகளைப் பட்டியலிட்டுக் காக்கிறார்கள். கல்வெட்டைப் படியெடுத்தோம், ஏட்டுச் சுவடியைத் தேடிக் காத்தோம். குரல் மட்டும் கேட்பாரற்றுப் போவதா?

ஆகவே, வரும் போகிக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பரணிலே ஏறுங்கள். தட்டு இருக்கிறதா, நாடா இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவிலே வெண்பூஞ்சை படர்ந்திருந்தால் உடனே ஓட்டாதீர்கள், அறிந்தவரிடம் காட்டுங்கள். முதுகுப் பல் இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள். வெயிலும் காந்தமும் அண்ட விடாதீர்கள். அரக்குத் தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட்டு கொண்டு துடைக்கவே கூடாது. அரக்கு அதிலே கரைந்துவிடும். ஆம், அரக்குத் தட்டுக்கு முழு மதுவிலக்கு!

ஓடும் பெட்டி ஊரில் ஒன்றாவது இருக்கும். அதிலிருந்து கம்பி வழியே கணினிக்கு மாற்றத் தெரிந்த பிள்ளை தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். மாற்றுங்கள். யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். எழுதாத குரல் அநாதை. இரண்டு படி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். நமது மன்றத்தில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டோம். கோணிப்பையில் மீண்டவை எண்பத்தெட்டு. இதுவரை முப்பத்தொன்று கேட்டாயிற்று. பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு, கூசாமல் சொல்கிறோம். ஆனால் ஒன்றிலே கூத்து இருக்கிறது. ஒன்றிலே எவர் வீட்டுக் குழந்தையோ முதன்முதலாக எண் சொல்லிப் பழகுகிறது. அந்தக் குழந்தை யார் என்று ஊர் தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாய்த்துடுக்குத் தோழர்தான் இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுகிறார். சென்ற வாரம் அவரே ஒரு நாடாவோடு வந்தார். காலமான தம் தந்தையார் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசியது அதில் இருக்கலாம் என்றார். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. பூஞ்சை படர்ந்திருக்கிறது, முதலில் துடைக்க வேண்டும்.

போகிக்கு முறத்தைக் கொளுத்துங்கள், பாயைக் கொளுத்துங்கள். குரலைக் கொளுத்தாதீர்கள்.